சைக்கிளைப் புகழுறதுக்கு முதல்

போன வருடம் எங்கட பீடத்தில் ஒரு சின்ன வேலை செய்ய வெளிக்கிட்டோம். "புதன்கிழமை சைக்கிள்" என்று பெயர். வாரத்தில் ஒருநாள் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டிட்டு கம்பஸுக்குச் சைக்கிளில் வாறது, அவ்வளவுதான். ஆறு பேர் சேர்ந்து சுவரொட்டி கீறினோம். பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள், இரண்டு சில்லுக்குள்ளும் பனைமரம். கீழே ஒரு வசனம்: "யாழ்ப்பாணம் சைக்கிளின் ஊர். திரும்பவும் அப்படி ஆக்குவோம்."

ஒட்டின அண்டைக்கே இரண்டு பேர் எங்களை நிப்பாட்டினார்கள்.

முதல் ஆள், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்டச் சைக்கிள் திருத்துற ஐயா. கடைச் சுவரில் ஒட்டக் கேட்டோம். கண்ணாடியை ஏத்தி வாசிச்சார். "ஒட்டுங்கோ, எனக்கு யாவாரம்தானே" என்று சிரிச்சுப்போட்டு, "ஆனா தம்பியவை, உதை நாங்கள் ஆசைப்பட்டே ஓடினது?" என்று கேட்டார்.

இரண்டாவது ஆள், வேலணையில் இருந்து வாற எங்கட வகுப்புத் தோழி. "புதன்கிழமை நான் பண்ணைப் பாலத்தால காத்துக்கு எதிரா உழக்கிறதோ? உங்களுக்கென்ன, திருநெல்வேலியில ரூம். எனக்குச் சைக்கிள் வேண்டாம். இருட்டினாப் பிறகும் ஒரு பஸ் வேணும்."

இரண்டுக்கும் எங்களிட்டப் பதில் இல்லை. சூழலைப் பற்றி யோசிச்ச அளவுக்கு, அந்தத் தெருவில் ஆர் எப்படிப் போனார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை. "சைக்கிளின் ஊர்" என்று எழுதினோம். அந்த ஊர் ஏன் சைக்கிளின் ஊர் ஆனது என்று கேட்கவில்லை. அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் நூலகத்திலயும், மிச்ச நாள் எங்கட வீடுகளில் அம்மம்மா, அப்பப்பாமாருக்குப் பக்கத்திலயும் இருந்தோம். இந்தக் கட்டுரையை அந்தச் சுவரொட்டியின் பிழைதிருத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கோ.

ஆசனம்

ரோசா பார்க்ஸின் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். 1955 டிசம்பர் 1, அமெரிக்காவின் மொன்ற்கொமறி நகரம். பஸ்சில் வெள்ளையருக்கு ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததால் கைது செய்யப்பட்டார். அதன்பிறகு 381 நாட்கள் அந்த நகரத்தின் கறுப்பின மக்கள் பஸ்சைப் பகிஷ்கரித்தார்கள். வேலைக்கு நடந்தே போனார்கள். பள்ளிக்கூடத்திலேயே எங்கேயோ ஒரு பக்கத்தில் இதை வாசிச்சிருப்போம். ஆனால் அதே காலத்தில் யாழ்ப்பாணத்து பஸ்சுக்குள் ஆர் இருந்தது, ஆர் நின்றது என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும்.

1940களிலும் 50களிலும் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு என்னென்ன மறுக்கப்பட்டன என்று மானிடவியலாளர் பிரையன் பஃபன்பேகர் 1990இல் எழுதிய கட்டுரையில் ஒரு பட்டியல் போடுகிறார். கோயிலுக்குள் போகக்கூடாது. உயர்சாதியினரின் கிணற்றில் தண்ணி அள்ளக்கூடாது. செருப்புப் போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது. இவையெல்லாம் நாங்கள் கேள்விப்பட்டவைதான். அதே பட்டியலில் இன்னும் இரண்டு இருந்தன: பஸ்சில் ஆசனத்தில் இருக்கக்கூடாது. சொந்தமாகச் சைக்கிளோ காரோ வைத்திருக்கக்கூடாது.

சைக்கிள். நாங்கள் பச்சை நிறத்தில் கீறின அதே சைக்கிள்.

எங்களில் ஒருவரின் அப்பப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டோம். முதலில் கதைக்க விருப்பமில்லை. "உதுகளை இப்ப ஏன் கிண்டுறியள்" என்றார். தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சு, நாங்கள் வேறு கதைக்குப் போன பிறகு தானாகவே சொன்னார்: "ரிக்கற் முழு ரிக்கற். இருக்கிறது கீழ." அதுக்கு மேல ஒண்டும் சொல்லவில்லை. தன்ர தகப்பன் எல்லா இடத்துக்கும் நடந்தேதான் போனவர் என்று மட்டும் பிறகு சொன்னார்.

இன்றைக்கு ஆளுக்காள் "காபன் தடம்" கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கின்படி, வெறுங்காலோடு தார்றோட்டில் நடந்த அந்த மனிசரின் தடம் பூச்சியத்துக்குக் கிட்ட. அதை ஆராவது "பசுமையான வாழ்க்கை" என்று சொல்ல முடியுமோ? ஒரு ஆள் எவ்வளவு குறைவாக எரிக்கிறார் என்பதை மட்டும் பார்த்தால், உரிமை இல்லாதவர்தான் எப்பவும் முதலிடத்தில் வருவார். போக்குவரத்தையும் சூழலையும் பற்றிக் கதைக்கிற எல்லா இடத்திலும் இந்தப் பொறி இருக்கிறது. நாங்களும் அதில்தான் விழுந்திருந்தோம்.

பிறகு என்ன மாறினது? கிட்டக்கிட்ட இரண்டு விசயம் நடந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அந்த வருடத்தின் 21ஆம் இலக்கச் சட்டம். சாதியைக் காட்டிப் பொது இடங்களில் ஒருவரை மறிப்பது குற்றமானது. 1958 ஜனவரி 1இல் தனியார் கம்பனிகளின் கையில் இருந்த பஸ்கள் எல்லாம் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது. சட்டம் வந்த அடுத்த நாளே எல்லாம் மாறவில்லை. தேத்தண்ணிக் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போறதுக்கு 1960களின் கடைசி வரை போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலத்தைப் பொலிஸ் அடிச்சுக் கலைக்கப் பார்த்தது. ஆனால் பஸ்சைப் பொறுத்தவரை அப்பப்பாவின் நினைவு தெளிவாக இருக்கிறது: "கொண்டக்டர் அரசாங்க உத்தியோகத்தன். முதலாளிக்குப் பயப்பிடத் தேவையில்லை. ரிக்கற் எடுத்தா இருக்கலாம்."

பொதுப் போக்குவரத்து என்று சொன்னால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது எரிபொருள் சேமிப்பும் நெரிசலும்தான். அப்பப்பாவுக்கு அது முதுகை நிமிர்த்தி இருந்த ஒரு ஆசனம்.

அதே பஸ், வேற எழுத்து

கதை இவ்வளவு நல்லதாக முடிஞ்சால் நல்லம். ஆனால் அதே பஸ்சுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

தேசியமயமாகி மூன்று மாதம் ஆகவில்லை. 1958 மார்ச்சில் சபையின் புதுப் பஸ்கள் வடக்குக்கு வந்தபோது இலக்கத்தகட்டில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து இருந்தது. சிங்களம் மட்டும் சட்டம் 1956இல் வந்த காயம் ஆறாத நேரம். 1957 யூலை 26இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஒரு சின்ன நம்பிக்கை இருந்த நேரமும் அதுதான். தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம்.

ஒரே வருடம், ஒரே பஸ். உள்ளுக்குள்ள, காலங்காலமாக நின்றவருக்கு இருக்க இடம். முன்னுக்கு, அந்த ஊர்ச் சனத்தின் மொழிக்கு இடமில்லை. இரண்டில் எதையும் மறைக்காமல் சொல்ல வேணும் என்று நினைக்கிறோம். "தார் பூசினோம்" என்பதைப் பெருமையாகச் சொல்லுற எங்கட வீடுகளில் அந்த ஆசனத்தின் கதை வாறதில்லை. ஆசனத்தின் கதையைச் சொல்லுறவர்கள் சிலர் எழுத்தின் கதையைச் சின்ன விசயமாக்கிவிடுகிறார்கள்.

பஸ் அரசாங்கத்தின் கைக்கு வந்தால் மட்டும் அது பொதுவாகிவிடாது, எந்தப் பஸ் எங்கே, எந்த எழுத்தோடு, எத்தனை மணிக்கு வரவேணும் என்று முடிவெடுக்கிற மேசையில் அதில் ஏறுகிற சனமும் இருக்க வேணும் என்பதுதான் 1958 எங்களுக்குச் சொன்னது.

அந்த மேசைக்கு வெளியில் சனம் தானாகவே செய்துகொண்ட ஒன்றும் இருந்தது. தட்டிவான். மரத்தால் செய்த உடம்பு, திறந்த பக்கங்கள், பின்னுக்குக் கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்குகிற தட்டி. கொடிகாமம் சந்தைக்கும் சாவகச்சேரிச் சந்தைக்கும் மரக்கறிக் கடகம், தேங்காய், வாழைக்குலை எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு, அதுகளின் சொந்தக்காரப் பெண்களையும் ஏத்திக்கொண்டு போனது. இண்டைக்குக் கடகத்தோட பஸ்சில் ஏறுற ஒரு அம்மாவை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று யோசிச்சால், அந்த வாகனம் ஆரை மனதில் வைச்சுச் செய்யப்பட்டது என்பது விளங்கும்.

டைனமோ

இப்ப ஐயாவின் கேள்விக்கு வருவோம். ஆசைப்பட்டே ஓடினது?

1990 யூனில் திரும்பவும் யுத்தம் தொடங்கியது. 1956இல் இருந்து ஓடிய யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வரவில்லை. மண்ணெண்ணெய் அளந்து வந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, கொஞ்ச எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் படிச்ச தலைமுறைதான் எங்கட அம்மா அப்பாமார்.

அந்த ஐந்து வருடம் யாழ்ப்பாணம் உண்மையில் சைக்கிளின் ஊர். ரலி, லுமாலா, ஏசியா என்று வீட்டுக்கு வீடு. விறகு, நெல்லு மூட்டை, தண்ணிக் கான், கோழிக்கூடு, கல்யாணப் பொம்பிளை, காய்ச்சல்காரர் எல்லாம் சைக்கிளில்தான் போனார்கள். ரயர் தேஞ்சால் தைச்சு ஓடினார்கள். ரியூபில் ஒட்டுக்கு மேல ஒட்டு. இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, டைனமோவில் வயரைக் கொழுவி, பெடலைக் கையால் சுத்தி றேடியோவில் செய்தி கேட்டார்கள். எங்களில் ஒருவரின் மாமா சொல்லுறது: "உழக்கிறது நிண்டா செய்தியும் நிண்டிடும். அதால முக்கியமான இடத்தில கை மாத்த ஆள் பக்கத்தில நிக்கும்."

இதைக் கேட்கக் கேட்க எங்களுக்கு ஒருவித பெருமை வந்தது உண்மை. இதுதானே இண்டைக்கு உலகம் தேடுற மாற்று எரிசக்தி என்று கூடப் பகிடி விட்டோம். மாமா சிரிக்கவில்லை. எங்கட வயதில் தான் சுத்தின டைனமோவில் கேட்டது எந்த ஊரில் குண்டு விழுந்தது என்ற செய்தியைத்தான் என்று சொன்னார்.

தடைக்காலம் முழுக்கப் பசுமையாக இருந்தது என்பதும் பொய். பெற்றோல் இல்லாத இடத்தில் ஒஸ்டின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அந்தப் புகையின் மணத்தை எங்கட பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. கண் எரியும், உடுப்பு நாறும். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழியும் இல்லை. அந்தக் காரை ஆரும் குறை சொல்ல ஏலாது.

பிறகு கிளாலி. ஆனையிறவாலும் போக ஏலாது, பூநகரியாலும் போக ஏலாது என்ற காலத்தில், இரவில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தார்கள். வள்ளத்தில் சைக்கிளும் ஏறியது. அங்கால இறங்கி வன்னிக்குள்ளால வவுனியா வரை உழக்கினார்கள். சாமான் கட்டிக்கொண்டு வந்து பிழைச்சவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடலிலேயே கொல்லப்பட்டு வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள்ள சைக்கிளை ஓட்டவில்லை, தள்ளினார்கள். கரியரில் மூட்டை, மூட்டைக்கு மேல பிள்ளை. ஆச்சிமாரைச் சிலர் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

இவ்வளவையும் எழுதிப்போட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் அம்மாமார் கோவிப்பார்கள். சைக்கிள் பெண்களுக்கு ஒரு கதவையும் திறந்தது. எங்கட அம்மம்மாமார் பலருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, ஓட விடவும் இல்லை. தடைக்காலத்தில் வேறு வழியில்லாததால் பெட்டையள் எல்லாரும் ஓடப் பழகினார்கள். சீலை கட்டின ரீச்சர்மார், வெள்ளைச் சட்டை, ரிப்பன் கட்டின மாணவிகள், வரிசை வரிசையாக. "என்ர அம்மா என்னை முதல்முதல் தனிய விட்டது சைக்கிள் ஓடத் தெரிஞ்ச பிறகுதான்" என்று எங்களில் ஒருவரின் அம்மா சொன்னா. தடை திறந்துவிட்ட கதவு என்பதால் அது பொய்யான கதவு ஆகிவிடாது. ஆனால் அந்தக் கதவுக்கு அங்கால என்ன நின்றது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும்.

இறங்கி நடக்கிற இடம்

1996இல் குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு சந்தியிலும் சென்றி. சென்றிக்குக் கிட்ட வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேணும், உருட்டிக்கொண்டு நடக்க வேணும், அடையாள அட்டை காட்ட வேணும், பிறகு ஏறலாம். பள்ளிக்கூடத்துக்குப் போய் வர எத்தனை தரம் இறங்கி ஏறினோம் என்று அம்மாமார் இன்றைக்கும் விரலை மடக்கி எண்ணிச் சொல்லுவார்கள்.

1996 செப்டம்பர் 7. சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு, கைதடியில் இருந்த வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். செம்மணிச் சென்றியில் மறிக்கப்பட்டார். வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் நீதிமன்றம் இராணுவத்தினருக்குத் தண்டனை விதித்தது. செம்மணியில் புதைக்கப்பட்டவர்கள் பற்றிய தகவல் வெளியே வந்ததும் அந்த வழக்கில்தான். 2025இல் அந்த மண்ணை மீண்டும் தோண்டினபோது எங்கட வயதுக்காரர் பலர் அங்கே போய் நின்றோம்.

இதைப் போக்குவரத்துக் கட்டுரையில் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். ஒரு பெட்டை சைக்கிளில் வீட்டுக்குப் போறது பாதுகாப்பா இல்லையா என்பது போக்குவரத்துக் கேள்விதான். அந்தத் தலைமுறைத் தாய்மார் இன்றைக்குத் தங்கட மகளை "இருட்ட முதல் வந்திடு" என்று சொல்லும்போது அவர்களின் தலைக்குள் எந்தத் தெரு ஓடுது என்று தெரியாமல், "ஏன் அன்ரி, சைக்கிளில விடுங்கோவன், சூழலுக்கு நல்லம்" என்று நாங்கள் சொல்ல முடியாது.

திரும்பவும் கழட்டி மாட்டினது

2002இல் ஏ9 திறந்தது. 2006இல் மூடியது. 2009க்குப் பிறகு முழுக்கத் திறந்தது. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் நிலையத்துக்குத் திரும்பி வந்தபோது சனம் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் நின்று கை காட்டியது. அதே வருடங்களில் லீசிங் கம்பனிகளும் வந்தன. முதற்காசு கொஞ்சம், மிச்சம் மாதாமாதம். பெடியளுக்கு மோட்டார் சைக்கிள், பெட்டையளுக்கு ஸ்கூட்டி பெப். சைக்கிள் கொட்டிலுக்குப் போனது.

இதை ஆடம்பரம் என்று ஏசுறவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. வருடக்கணக்கில் பெற்றோல் மணமே தெரியாமல் இருந்த சனம், சென்றியில் இறங்கி நடந்த சனம், ஒரு கை முறுக்கில் ஊரைக் கடக்கலாம் என்றால் கடக்கத்தான் செய்யும். அதோடு, கடைசி பஸ் வெள்ளனப் போயிடும் ஊரில் மோட்டார் சைக்கிள்தான் பஸ். மரக்கடையில் வேலை செய்யுற ஒரு அண்ணை சம்பளத்தின் பெரும்பங்கை லீசிங்குக்குக் கட்டுறது ஆசையால் மட்டும் இல்லை.

விலையும் குறைவில்லை. வீதி அகலிப்பில் நிழல் மரங்கள் போயின. சந்திகளில் நெரிசல், புகை. விபத்தில் செத்த எங்கட வகுப்புத் தோழரின் படம் இன்னும் பீடத்தில் ஒரு சுவரில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் தந்த சுதந்திரத்துக்கும் இது கொடுக்கிற விலைக்கும் நடுவில்தான் நாங்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு 2022. டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. யூன் கடைசியில் இருந்து யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வரிசையில் நின்றே செத்தவர்களின் செய்தியை அந்த நாட்களில் வாசிச்சோம்.

கொட்டிலில் இருந்த சைக்கிள்கள் திரும்ப இறங்கின. அப்பாமார் சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டபோது அவர்களின் கை தடுமாறவில்லை. தெருவில் சத்தம் குறைஞ்சது. காலமை குருவி கேட்டது. அப்போது நாங்களும் முகநூலில் "பழைய யாழ்ப்பாணம் திரும்பிவிட்டது" என்று படம் போட்டோம். அதே வாரங்களில் ஓட்டோ ஓட்டுற குடும்பங்களில் அடுப்பு எரிஞ்சுதோ என்று நாங்கள் பார்க்கவில்லை. சைக்கிள் விலை ஏறி, அதை மட்டுமே நம்பி இருந்த கூலிக்காரர் ஒரு ரயர் வாங்க ஏலாமல் நின்றதைச் சைக்கிள் கடை ஐயாதான் இப்ப சொன்னார்.

ஒரு வருடம் போனது. 2023 செப்டம்பரில் கியூஆர் முறை எடுபட்டது. சைக்கிள்கள் திரும்பவும் கொட்டிலுக்குப் போயின. 1990இல் கட்டாயம் வந்தது, சைக்கிள் வந்தது. கட்டாயம் போனது, சைக்கிளும் போனது. 2022இலும் அதேதான். இந்த வரலாற்றில் இருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: இல்லாமையால் வந்த பசுமை, இல்லாமை தீர்ந்த அண்டைக்கே முடிஞ்சுவிடும். சனம் விரும்பித் தெரிவு செய்யக்கூடியதாக இருந்தால்தான் அது நிலைக்கும். தெரிவு செய்யிறதுக்குப் பாதுகாப்பு வேணும், வெளிச்சம் வேணும், நிழல் வேணும், நேரத்துக்கு ஒரு பஸ் வேணும்.

அப்ப என்ன செய்யிறது?

சைக்கிள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் மேடு பள்ளம் இல்லாத ஊர். திருநெல்வேலியில் இருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் போறது பெரிய வேலை இல்லை. கம்பஸைச் சுற்றி அறை எடுத்து இருக்கிற எங்களைப் போல ஆட்கள் மோட்டார் சைக்கிளில் கன்ரீனுக்குப் போறதுக்கு எந்த வரலாற்றுக் காரணமும் இல்லை, பஞ்சிதான். வெயில் வருடத்துக்கு வருடம் கூடுது என்று சொல்லிக்கொண்டே அந்த வெயிலைக் கூட்டுற வேலையை நாங்களும் செய்கிறோம். வசதி உள்ளவர்தான் முதலில் குறைக்க வேணும், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வேலணைத் தோழியிடம் "நீயும் குறை" என்று கேட்கிறதுக்கு முதல், அவவுக்கு என்ன கிடைக்கவில்லை என்று கேட்க வேணும். பட்டணத்துப் புடவைக் கடைகளில் இரவு வரை நின்று வேலை செய்யிற அக்காமாரும் அதே நிலைமையில்தான். கடை பூட்டின பிறகு ஓட்டோ பிடிச்சால் அன்றையச் சம்பளத்தில் ஒரு பங்கு போச்சு. யுத்தத்தில் கால் இழந்தவர்களுக்குச் சைக்கிள் வாரம் எதுவும் செய்யாது. உயரமான படி இல்லாத பஸ் செய்யும். ஐம்பது பேரை ஏத்துற ஒரு பஸ் இருட்டின பிறகும் ஓடினால் எத்தனை மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும் என்பதுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சூழலுக்கு நல்லது எதுவோ அதுவே தோழிக்கும் நல்லது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நாங்கள்தான் சுவரொட்டியில் ஆக்கி வைச்சிருந்தோம்.

அந்தச் சுவரொட்டியைக் கழட்டிவிட்டோம். புதன்கிழமைகளில் நாங்கள் ஆறு பேரும் இன்னும் சைக்கிளில்தான் வாறோம். பின்னேரம் பட்டணத்து பஸ் நிலையத்தில் போய் நிற்கிறோம். ஒரு கொப்பி வைச்சிருக்கிறோம். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், கடைசி பஸ் போன பிறகு வந்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று எழுதுகிறோம். வேலணைத் தோழிதான் பொறுப்பு. எந்தெந்தக் கேள்வி கேட்க வேணும் என்று அவவுக்குத்தான் தெரியும். கொப்பி நிரம்பினதும் முடிவெடுக்கிற மேசைக்குக் கொண்டுபோகப் போகிறோம்.

உங்கட ஊரிலும் ஒரு கடைசி பஸ் இருக்கும். அது எத்தனை மணிக்குப் போகுது, அது போன பிறகு ஆர் நிற்கினம் என்று ஒருக்காப் போய்ப் பாருங்கோ. வீட்டில் அப்பப்பா, அம்மம்மா இருந்தால் அவர்கள் எங்கே இருந்து போனார்கள், எங்கே நின்று போனார்கள், எங்கே இறங்கி நடந்தார்கள் என்றும் கேளுங்கோ. முதலில் கதைக்க மாட்டார்கள். தேத்தண்ணி முடியும் வரை இருங்கோ.